ஐந்தாம் கணினியில் ஒரு கோப்பின் பெயர்

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் நம்பக் கூடாது. இதைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில்: ‘உள்ளறையில் எவரும் தனியாக இருத்தல் கூடாது.’

கொதிகலன் இயக்குபவர்களுக்கான உரிமத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் இடம் அது. இரண்டாம் மாடியில் இரும்புக் கதவு போட்ட ஒரு அறை. கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. உள்ளே ஆறு கணினிகள். ஆறையும் இணைத்து ஒரு வயர் ஓடும். அது அறையை விட்டு வெளியே போகாது. இணையம் கிடையாது. போனை வெளியே வைத்துவிட்டு, பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே போக முடியும். அந்த ஆறு கணினிகளையும் ஓட வைப்பது என் வேலை. ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த வேலை இருக்கிறவரை இங்கே தங்கலாம் என்று என் அனுமதிச் சீட்டில் போட்டிருக்கிறது.

மேற்பார்வையாளரை நாங்கள் பூட்டு என்போம், அவர் காதில் விழாமல். கதவைப் பூட்டியதும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நான்கு படி இறங்குவார். மறுபடி ஏறி வந்து இன்னொரு தரம் இழுப்பார்.

கேள்விகளுக்குப் படம் வரைய ஒரு அக்கா வருவார். ஐம்பதைத் தாண்டியவர். குழாய், மானி, அடுப்பு எல்லாம் வரைந்தாலும் வால்வு வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் வால்வு அக்கா என்று பெயர். அவருக்கே அந்தப் பெயர் தெரியும். கையெழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வால்வு போடுவார்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் கணினியிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பாதுகாப்பு வால்வுல அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குது?"

"மேலக்கா."

"இதே படத்தை ரெண்டாம் நம்பர்ல திறந்து பாருங்க."

திறந்தேன். அம்புக்குறியையே காணோம்.

"ஆறாம் நம்பர்ல பாருங்க. அங்க கீழ பாக்கும். ஆவி திரும்பவும் பாய்லருக்குள்ளயே போகுது. இதைப் பாத்து ஒருத்தன் பதில் எழுதி, பாஸாகி, நிஜ பாய்லர் பக்கத்துல வேலைக்கு நின்னான்னு வைங்க, நாமெல்லாம் ரெண்டு தெரு தள்ளிக் குடிபோகணும்."

காரணம் எனக்குத் தெரியும். ஆறு கணினியும் மூன்று தவணையில் வாங்கியவை. மூன்றிலும் மூன்று வகை லினக்ஸ் இயங்குதளம். படம் வரையும் நிரல் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு லினக்ஸும் தான் பிறந்த வருஷத்துப் பதிப்பை வைத்துக்கொண்டிருந்தது. அக்கா வீட்டில் புதிய பதிப்பில் வரைந்து பழகியவர், அதனால் ஆறில் கொஞ்சம் புதியது இருந்த ஐந்தாம் கணினியில்தான் உட்காருவார். புதியதில் இருக்கிற வசதி பழையதற்குப் புரியாது. புரியாததை அது வரையாமல் விட்டுவிடும், இல்லை என்றால் தனக்குத் தெரிந்த மாதிரி வரையும்.

எந்த லினக்ஸ் ஆனாலும் ஒரே பதிப்பு ஓட வேண்டும் என்றால் அதற்கு வழி உண்டு. நிரலையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாகத் தருகிறார்கள். ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்று மூன்று விதமான பொட்டலம். இதைப் பூட்டிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரு சாஃப்ட்வேருக்கு எதுக்குப்பா மூணு பொட்டலம்?"

"மூணு பேரு மூணு விதமா கட்டுறாங்க சார். உள்ள சரக்கு ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னு நீ பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி சொல்ற?" பேனாவை மூடி வைத்தார். "எது வேகம், எது அழகு, அதெல்லாம் எனக்கு வேண்டாம். எதுல கள்ளத்தனம் குறைச்சல்னு மட்டும் மூணையும் ஒப்பிட்டு எழுதிக் குடு. ரெண்டு பக்கத்துக்கு மேல எழுதாத. மேலிடத்துல படிக்க மாட்டாங்க."

வெளி அறையில் இணையம் உள்ள கணினியில் உட்கார்ந்து மூன்றையும் இறக்க ஆரம்பித்தேன். சந்தேகப்படச் சொன்னால் நான் நன்றாகவே படுவேன். தனியாக இருக்கிறவனுக்கு அதற்கு நேரம் நிறைய. யார் கட்டிய பொட்டலம் என்று முதலில் பார்த்தேன். பொட்டலங்கள் கிடைக்கும் ஒரு இணையக் கடையில் நிரலை எழுதியவர்களே கட்டியதாக அடையாளம் இருந்தது. இன்னொன்றில் கட்டியவர் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர். யாரோ நல்ல மனிதராக இருக்கலாம். பாதி உலகம் அப்படிப்பட்டவர்களின் உழைப்பில்தான் ஓடுகிறது. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவதான ஆப்இமேஜை நான் இறக்குவதற்கு முன்பே அக்கா ஒரு பென்டிரைவை நீட்டினார்.

"இதுல இருக்கு தம்பி. வீட்டுல நான் இதைத்தான் வச்சிருக்கேன். ஒரே ஃபைல், ஓட அனுமதி குடுத்துட்டு ரெண்டு தட்டு தட்டினா ஓடுது."

"யாரு இறக்கினது?"

"என் தம்பி. சொந்தத் தம்பி. உங்களை மாதிரி வாய்வார்த்தைத் தம்பி இல்ல."

"அவர் என்ன வேலை பண்றாரு?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "கண்ணாடிக் கடை வச்சிருக்கான். பவர் சரியா இருக்கான்னு வேணா வந்து பாத்துட்டுப் போங்க."

நிரலை எழுதியவர்களின் தளத்தில் அந்தக் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட ஒரு நீளமான சரிபார்ப்பு எண் போட்டிருந்தார்கள். அக்கா கொடுத்த கோப்புக்கும் கணக்கிட்டுப் பார்த்தேன். கடைசி எழுத்துவரை ஒத்துப்போனது. அப்படியும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு கேள்வித்தாள் ஓவியர், எதற்காக வலிய வந்து பென்டிரைவைக் கையில் தருகிறார்?

வியாழக்கிழமை மதியம் உள்ளறையில் சோதனை. விதிப்படி என்னோடு பூட்டும் உள்ளே வந்தார். மூலையில் நாற்காலி போட்டுப் பத்திரிகையை விரித்தார். பத்து நிமிஷத்தில் பத்திரிகை முகத்தின் மேல் இருந்தது.

ஐந்தாம் கணினியை எடுத்துக்கொண்டேன். வேகம் அளக்க ஒரு கனமான கோப்பு வேண்டும். பொது அடைவில், அதாவது ஆறு கணினிக்கும் பொதுவான ஃபோல்டரில், கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். எந்த எண் எந்தக் கேள்வி என்று பூட்டுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தேவை அளவுதானே. அளவு வாரியாக அடுக்கி, மேலே நின்றதைத் தட்டினேன். முப்பத்துநான்கு மெகாபைட். ஒரு கொதிகலன் கூடத்தின் பெரிய படம் விரிந்தது. எனக்கு எல்லாக் கொதிகலனும் ஒன்றுதான். கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபிளாட்பேக் தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டு ஓடுகிறது. என்னென்ன தொடலாம் என்று பொட்டலத்திலேயே எழுதியிருக்கும். வேண்டாததை நாம் வெட்டிவிடலாம். ஆனால் இணையம் இல்லாத அறைக்கு அதன் அடித்தளச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், பெரிய சுமை. ஸ்னாப்பும் காவலோடு வருகிறது. எந்த லினக்ஸில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் காவல் கூடும், குறையும். இணையம் இருக்கும் இடத்தில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், கேட்காமலே. வீட்டுக்கு நல்லது, தேர்வுக்கு நடுவில் பதிப்பு மாறுவது எங்களுக்கு ஆகாது. ஆப்இமேஜ் இருப்பதிலேயே எளிது. ஒரே கோப்பு, நிறுவவே வேண்டாம். ஆனால் தனக்கென்று சுவர் எதுவும் கட்டுவதில்லை. கூடத்தில் நடமாடும் விருந்தாளி மாதிரி, நாம் தொடக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் தொடும்.

அதனால் அக்காவின் ஆப்இமேஜுக்கு மட்டும் பக்கத்திலேயே ஒரு காலி அடைவு வைத்து, அதையே வீடு, அதாவது கணினியில் பயனரின் சொந்த அடைவு, என்று நம்ப வைத்து ஓட்டினேன். முடிந்ததும் அந்த வீட்டையே அழித்தேன். மற்ற இரண்டையும் நீக்கும்போது அவை சேர்த்துவைத்த தரவு, நகல் எதுவும் மிஞ்சாதபடி துடைத்தேன். மூன்று பொட்டலம், மூன்றின் தடமும் சுத்தம். நிம்மதியாகப் பூட்டை எழுப்பினேன்.

"தூங்கலப்பா. கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

வெள்ளி முதல் ஞாயிறு வரை அறை மூடிக் கிடந்தது. திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து அவசரம். என் அறிக்கை இன்னும் முடியவில்லை. பூட்டு பொறுமை இழந்தார்.

"அந்த ஒத்தை ஃபைல் சமாச்சாரம் சரிபாத்தாச்சுன்னு சொன்னியே. இன்னைக்கு மட்டும் அதுல ஓட்டுங்க. பொம்பளை வேலையை முடிச்சுட்டுப் போகட்டும்."

அக்கா ஐந்தாம் கணினியில் உட்கார்ந்து தன் ஆப்இமேஜை இரண்டு தட்டு தட்டினார். அவர் நாற்காலிக்குப் பின்னால் நானும் பூட்டும் நின்றோம். பழைய பதிப்பில், கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியல் ஏதோ மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். புதியது வாசலிலேயே பட்டியலை விரித்துப் போடுகிறது. எட்டுப் பத்து எண்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே 7741.

பூட்டு குனிந்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"கையை எடும்மா."

அக்கா சுட்டியை விட்டுக் கையை எடுத்தார்.

"இதை யார் திறந்தது?"

"எதை சார்?"

"முதல்ல இருக்கிறதை."

"தெரியலயே சார். கீழ இருக்கிறது எல்லாம் என்னோடது. போன செவ்வாய்க்கிழமை இந்த சிஸ்டத்துலதான் உக்காந்திருந்தேன். அது என்னோடது இல்ல."

"உங்களோடது இல்லன்னுதான் கேக்கிறேன். அது பகுதி ஆ."

பகுதி ஆ என்பது ஒரே பெரிய கேள்வி, பாதி மதிப்பெண். அதற்கான படத்தை வேறொரு ஓவியர் வேறு வாரத்தில் வந்து வரைந்துவிட்டுப் போனார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அப்படித்தான் ஏற்பாடு. ஒரு ஓவியர் இரண்டு பகுதியையும் பார்த்துவிட்டால் மொத்தத் தாளும் ஒரு மண்டைக்குள் போய்விடும்.

"உங்க பென்டிரைவ், உங்க சாஃப்ட்வேர், நீங்க உக்காந்த சிஸ்டம்," என்றார் பூட்டு. "நான் என்ன நினைக்கணும், நீங்களே சொல்லுங்க."

"நீங்க என்ன நினைக்கணுமோ அதை ஏற்கெனவே நினைச்சாச்சு சார். நான் சொல்லி என்ன."

அக்காவின் அனுமதி அட்டையைக் கழற்றச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் ஓவியர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் போகும். அந்தப் பட்டியலை எல்லாத் தேர்வு அலுவலகமும் பார்க்கும். ஒரு இடத்தில் அடித்தால் எல்லா இடத்திலும் அடித்த மாதிரி.

நான் வாய் திறக்கவில்லை. பயத்தில் அல்ல. அக்காதான் செய்திருப்பார் என்று அந்த நிமிஷம் நான் நம்பினேன். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. வலிய வந்து நீட்டிய பென்டிரைவ். கண்ணாடிக் கடைத் தம்பி. என் சோதனையில் அந்த ஆப்இமேஜ் அடக்கமாக இருந்தது என்றால், காலி வீட்டில் திருட என்ன இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் மூடிய கடை ஒன்றின் படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். அடிக்கடி எங்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு மணிக்குப் பார்த்தேன், இருந்தார். ஒரு மணிக்கும் இருந்தார். யாருக்காகக் காத்திருக்கிறார், என்ன சைகை வரவேண்டும் என்று என் மூளை ஓடியது. இரண்டு மணிக்குப் பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன்.

"என்னக்கா, இங்கேயே உக்காந்திருக்கீங்க?"

"என் கண்ணாடி உள்ள இருக்கு தம்பி. சிஸ்டத்துப் பக்கத்துல வச்சேன். வாசல்ல கேட்டா, அட்டை இல்லாம பேசக்கூடாதுங்கிறாங்க. சாரைக் கூப்பிட்டா எடுக்கலை. பஸ் நம்பர் தெரியாம காலையில ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

"உங்க தம்பிகிட்ட வேற கண்ணாடி இருக்குமே."

"அவன் கடைக்குப் போனா காரணம் கேப்பான். சொன்னா இங்க வந்து கத்துவான். நீங்க அதையும் ஒரு குத்தமா எழுதுவீங்க."

திரும்ப மேலே போய்ப் பூட்டிடம் சொன்னேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளறையைத் திறந்தார். "கண்ணாடியை எடு. அப்படியே அந்த 7741-ஐ என் தனி அடைவுக்கு மாத்திடு. இனிமே அது பொதுவுல கிடக்கக் கூடாது."

கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோப்பைத் தேடினேன். 7741. பக்கத்தில் அளவு: முப்பத்துநான்கு மெகாபைட்.

நகர்த்தினேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. சோதனைக் கணக்கு எழுதிய என் நோட்டை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. அந்த அடைவில் அவ்வளவு கனமான கோப்பு வேறு இல்லை.

கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. வெயில்."

"இருபத்திரண்டு வருஷமா குழாய் வரையறேன் தம்பி. என் மருமகள்கூடச் சொல்லுவா, அத்தை கோலம் போட்டாலும் அதுல ஒரு குழாய் ஓடுதுன்னு. இந்த வயசுல வேற என்ன வரையச் சொல்றீங்க? பூனையா?"

வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் என் அறையில் உட்கார்ந்து யோசித்தேன். மூன்று பொட்டலத்தையும் துடைத்தேன் என்பது நிச்சயம். அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? நோட்டைத் திறந்தேன். வேகக் கணக்கில் நான்கு வரிசை இருந்தது. முதல் வரிசை: ‘ஏற்கெனவே இருக்கும் பழைய பதிப்பு, 19 நொடி.’ புதியது எவ்வளவு வேகம் என்று சொல்ல வேண்டுமென்றால் பழையதை அளக்க வேண்டாமா? அதை அளந்த பிறகுதான் மற்ற மூன்றையும் தொட்டிருக்கிறேன். மூன்றைச் சந்தேகப்பட்டு மூன்றையும் துடைத்தேன். வருஷக்கணக்காக அங்கேயே இருந்ததைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. பழையது தன் பட்டியலில் 7741-ஐ எழுதி வைத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலி வீடு எதுவும் வைக்காததால் அக்காவின் ஆப்இமேஜ் நேரே அதே வீட்டுக்குள் வந்தது, அங்கே கிடந்த பட்டியலை எடுத்து வாசலில் விரித்தது. அவ்வளவுதான்.

ஊரிலிருந்து என் அக்கா கூப்பிட்டாள். கூடப் பிறந்தவள்.

"என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏதோ இருக்கு. யாராவது பொண்ணா?"

"இல்லக்கா."

"மாமா கேக்கிறாரு, பொண்ணு சமைக்குமான்னு."

"ஒரு பொம்பளையைத் திருடின்னு நினைச்சுட்டேன்க்கா. அவங்க இல்ல."

"நினைச்சது மனசோடயா, வெளியில சொன்னியா?"

"சொல்லலை. ஆனா அவங்க இல்லன்னும் சொல்லலை."

"ரெண்டும் ஒண்ணுதான்டா," என்றாள். பிறகு மாமாவிடம், "பொண்ணு இல்லீங்க, வேற ஏதோ" என்று சொல்வது கேட்டது.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அனுமதி இல்லாத கோப்பைத் திறந்தவன் என்று எழுதுவார்கள். வேலை போனால் தங்கும் அனுமதி போகும். மூன்று வருஷ உழைப்புக்கு ஒரே ஒரு பையோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் போகும், அவ்வளவுதான்.

புதன்கிழமை, பராமரிப்பு என்று சொல்லிப் பூட்டை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன். பட்டியல் திரையில் பெயரை மட்டும்தான் காட்டும். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கிறது. அதில் எந்த நிரல் திறந்தது, எப்போது திறந்தது என்பதும் இருக்கும். 7741-க்கு எதிரே: பழைய பதிப்பு, வியாழக்கிழமை, மதியம் 2.47.

அதைக் காகிதத்தில் அச்சடித்தேன். பதிவேட்டை எடுத்து வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, இரண்டையும் பூட்டின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"சார், திறந்தது நான்தான். சோதனைக்கு. என்ன ஃபைல்னு தெரியாம."

அவர் காகிதத்தின் மேல் ஒருமுறை கண் ஓட்டினார், அவ்வளவுதான். என்னைத்தான் பார்த்தார்.

"அந்தம்மா உனக்கு என்ன வேணும்?"

"ஒரு உறவும் இல்ல சார்."

"நேத்து ரோட்டுல ரெண்டு பேரும் பேசினதை ஜன்னல்ல பாத்தேன். ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிறீங்களா? அந்த நேரத்தைக்கூட நீயே எழுதியிருக்கலாம். கம்ப்யூட்டர் உன் கையில இருக்கு."

உண்மையைச் சொன்னால் ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சந்தேகம்தான் கூடியது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

"எழுதலாம் சார். ஆனா பதிவேட்டை நான் எழுத முடியாது. வியாழக்கிழமை அவங்க இந்தக் கட்டடத்துக்கே வரலை. ரெண்டேகாலுக்கு உள்ள போனது ரெண்டு பேரு. ஒண்ணு என் கையெழுத்து."

இன்னொரு கையெழுத்தை நான் காட்டவில்லை. அவர் விரல் தானாக அங்கே போனது. மூன்று முறை அந்த வரியைத் தடவினார்.

"இதை மேல அனுப்பினா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"எனக்கு?"

பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"அந்தக் கடிதம் டைப் பண்ணி வச்சிருக்கேன்," என்றார். "ரெண்டு நாளா கையெழுத்துப் போட வரலை. ஏன்னு எனக்கே தெரியலை. அந்தம்மா ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தா போட்டிருப்பேன்." அந்தக் காகிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து நான்காக மடித்தார். "ஒப்பீட்டு அறிக்கையிலயே எழுது. எந்த ஃபைலை வச்சு சோதிச்சேன்னு ஒரு வரி வரும்ல, அங்க எழுது. என் பேரையும் போடு."

"சரி சார்."

"தூங்கினேன்னு போடாத. பத்திரிகை படிச்சேன்னு போடு."

"மேலிடத்துல கேட்டா?"

"கேட்டா என்ன பத்திரிகைன்னு நான் சொல்லிக்கிறேன்."

அறிக்கை ஒன்பது பக்கம் வந்தது. இந்த முறை மேலிடத்தில் ஒரு எழுத்து விடாமல் படித்தார்கள். பகுதி ஆ-வைத் தூக்கிவிட்டு, கைவசம் இருந்த மாற்றுக் கேள்வியை வைத்தார்கள். பூட்டுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அக்காவுக்கு அட்டை திரும்பக் கிடைத்தது, மன்னிப்பு என்று ஒரு சொல்லும் இல்லாமல். எனக்கு: தேர்வு முடியும்வரை உள்ளறைக்குள் காலடி வைக்கக் கூடாது. என் வேலை இருக்குமா போகுமா என்பது அதற்குப் பிறகு கூடி முடிவு செய்யப்படும். இதை எழுதும்போது இன்னும் கூடவில்லை.

ஆனால் பொட்டலம் விஷயத்தில் என் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். ஃபிளாட்பேக். சுமை பெரிதானாலும் ஒருமுறை தூக்கிப்போட்டால் போதும். வலைத் தொடர்பை வெட்டலாம், வீட்டு அடைவைத் தொடாதே என்று சொல்லலாம். யார் போய் வைப்பது என்றபோதுதான் சிக்கல். எனக்கு அனுமதி இல்லை. பூட்டுக்குத் தெரியாது. மிஞ்சியது அக்கா.

இரும்புக் கதவைத் திறந்து வைத்து, வாசலுக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அக்கா உள்ளே முதல் கணினியில். நடுவில் பூட்டு, நின்றுகொண்டு. நான் கட்டளையை ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும், அக்கா தட்ட வேண்டும்.

முதல் வரியைச் சொன்னேன். தட்டினார். எண்டர் பொத்தானை அழுத்தவில்லை.

"இது என்ன பண்ணும்?"

"பென்டிரைவ்ல இருக்கிறதை நிறுவும் அக்கா."

"எதை எதை?"

சொன்னேன். அழுத்தினார். அடுத்த வரி.

"இது?"

"வெளியில பேச முடியாதபடி கதவை மூடுது."

"இங்கதான் இணையமே இல்லையே. பிறகு எதுக்கு?"

"பின்னாடி யாராவது வயரைச் சொருகினா?"

"யாரு சொருகுவா?"

"தெரியாதுக்கா."

"அதைச் சொல்லுங்க, தெரியாதுன்னு." அழுத்தினார்.

இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒரு விசாரணை. முதல் கணினிக்கே ஒரு மணி நேரம் ஆனது. பூட்டு காலை மாற்றி மாற்றி நின்றார். பழைய பதிப்பை எடுத்துவிடச் சொன்னேன். அது மிச்சம் வைத்த பட்டியலையும் அழிக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் அக்கா கேள்வி கேட்கவில்லை. தட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் எதிர்த்தாப்பல உக்காந்திருந்தேன்ல. கண்ணாடின்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்ன நினைச்சீங்க?"

பூட்டு சுவரைப் பார்த்தார்.

"நீங்கதான் எடுத்தீங்கன்னு நினைச்சேன்க்கா. யாருக்கோ சைகைக்குக் காத்திருக்கீங்கன்னு."

அக்கா தலையை ஆட்டினார். கோபமா என்று தெரியவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சரி. கடைசி வரி சொல்லுங்க."

சொன்னேன். தட்டினார்.

"இது எதைத் தொடும்?"

"நீங்க திறக்கச் சொல்ற ஃபைலை மட்டும். மத்தது இருக்குன்னே அதுக்குத் தெரியாது."

"நிஜமாவா?"

"நான் சொல்றதை நம்பாதீங்க. ஒரு ஃபைலை உள்ள வச்சு, அதுக்குத் தெரியுதான்னு சோதிச்சுப் பாருங்க."

"அதைத்தான் பண்ணப் போறேன்," என்றார். பிறகு எழுந்து, திரையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, நாற்காலியையும் அதன் முன்னால் நகர்த்தி மறுபடி உட்கார்ந்தார்.